வெள்ளறையில் அந்தி, அரங்கத்தில் அரவணை

இரவு இரண்டு பத்து. அப்புறம் மூன்று இருபது. அப்புறம், எழுந்துவிடலாமா இன்னும் கொஞ்சம் புரளலாமா என்று மனசு இழுத்துக்கொண்டே கிடக்கும் நாலே முக்கால். தூக்கம் வராதவர்களுக்கு இந்த மணிகளெல்லாம் மனப்பாடம். திருச்சிக்கு வந்து இறங்கிய அந்தப் பயணிக்கும் ஆறு மாதமாக இதே கதைதான். மருத்துவர் பார்த்துவிட்டார். தைராய்டு சரி, சர்க்கரை சரி, தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறும் இல்லை. உடம்பில் குறை ஏதும் இல்லை என்று தெரிந்தபின், பழைய வைத்தியம் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்தது. அதற்குத்தான் இந்த ஒரு நாள் பயணம்: பெரிய கடைவீதியில் தொடங்கி, மண்ணச்சநல்லூர் வழியாகத் திருவெள்ளறை, திரும்பும்போது திருவரங்கம்.

காலை பத்து மணிக்குப் பெரிய கடைவீதியில் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது வாசனை. வசம்பு, அதிமதுரம், வெட்டிவேர், கிச்சிலிக் கிழங்கு எல்லாம் கலந்த அந்த வாசனைக்குத் தனிப் பெயர் கிடையாது. தூக்கத்துக்கு ஏதாவது வேண்டும் என்றதும் கடைக்காரப் பெரியவர் மருந்தை எடுக்கவில்லை.

"ராத்திரி எத்தன மணிக்கு சார் சாப்பிடுறீங்க?"

"பத்து, பத்தரை ஆயிடும்."

"காபி?"

"சாயங்காலம் ரெண்டு."

"தலைக்கு எண்ணெய் வெச்சு எத்தன வருஷம் ஆச்சு?"

அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. பெரியவர் சிரிக்கவும் இல்லை, உபதேசமும் செய்யவில்லை. அமுக்கரா கிழங்கு, சடாமாஞ்சில், சாதிக்காய், கசகசா என்று நான்கு டப்பாக்களைத் திறந்து வரிசையாகக் காட்டினார். கடைசியில் ஒரு காகிதத்தில் காய்ந்த மருதோன்றிப் பூவை வைத்தார். "இது உள்ளுக்குச் சாப்பிட இல்ல. தலகாணிக்கு அடியில வைங்க. எங்க அம்மா வைப்பாங்க."

இந்த நான்கு டப்பாக்களில் இன்று உலகம் சுற்றிக்கொண்டிருப்பது அமுக்கரா. ஆயுர்வேதத்தில் அசுவகந்தா. வேரை நசுக்கினால் குதிரை வாடை வரும் என்பதால் வந்த பெயர். தாவரவியலார் இதற்கு விதானியா சோம்னிபெரா என்று பேர் வைத்தார்கள். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் தூக்கத்தைக் கொண்டுவருவது என்று பொருள். 2019-இல் இந்தியாவில் 60 பேரை வைத்துப் பத்து வாரம் நடந்த ஓர் ஆய்வில், அமுக்கரா வேர்ச் சாறு எடுத்துக்கொண்டவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். 2021-இல் ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. அதே வேர் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் இதைத் தடை செய்தது. கிழங்கு என்பதாலேயே அது கீரை மாதிரி ஆகிவிடாது. அளவும் ஆளும் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. சாதிக்காயும் அப்படித்தான். பாலில் ஒரு சிட்டிகை வரை சரி. அதிகம் போனால் தலைசுற்றலும் வாந்தியும் மனக்குழப்பமும் வரும்.

தூக்க மருந்து என்ற பேச்சு வந்தால் இன்னொரு வேரின் கதையைத் தாண்டிப் போக முடியாது. அது சர்ப்பகந்தா. வட இந்தியக் கிராமங்களில் புத்தி பேதலித்தவர்களுக்கும், பீகாரில் அழும் குழந்தைகளைத் தூங்க வைக்கவும் கொடுத்து வந்த வேர். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் இதன் அமைதிப்படுத்தும் குணத்தையும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குணத்தையும் எழுதினார்கள். கணநாத் சென் ஆயுர்வேதமும் ஆங்கில மருத்துவமும் படித்தவர். 1949-இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தன் அனுபவத்தை வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சில வருடங்களில் அது அமெரிக்க மனநல மருத்துவமனைகளுக்குள் போனது. அப்புறம் தெரிய வந்தது, அதை எடுத்துக்கொண்ட சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்தார்கள். வேர் ஒன்றுதான். வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுத்தபோது ஒரு மாதிரியும், அதன் சத்து மட்டும் மாத்திரையாகப் பெருகியபோது வேறு மாதிரியும் வேலை செய்தது.

கடைக்காரர் கடைசியில் கட்டிக் கொடுத்தது அரை லிட்டர் நல்லெண்ணெயும் அந்த மருதோன்றிப் பூப் பொட்டலமும்தான்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர்ப் பேருந்து. காவிரிப் பாலம், அப்புறம் கொள்ளிடம், நம்பர் ஒன் டோல்கேட். உச்சிவெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேருந்தில் பாதிப் பேர் தூங்கி விழுந்தார்கள். ஒரு கல்லூரிப் பையனின் தலை பக்கத்திலிருந்தவர் தோளில் சாய்வதும் திடுக்கிட்டு நிமிர்வதுமாக இருந்தது. வாக்படர் எழுதிய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில் இதற்கும் இடம் உண்டு. இரவில் கண் விழித்தால் உடம்பில் வறட்சி ஏறும், வாதம் கூடும். பகலில் படுத்துத் தூங்கினால் பிசுபிசுப்பு ஏறும், கபம் கூடும். உட்கார்ந்தபடி கண் அயர்வது மட்டும் இரண்டும் இல்லை, அதனால் கெடுதல் கிடையாது என்கிறார் அவர். ஆயிரத்து சொச்சம் வருடங்களுக்கு முன்பே தூங்கி விழுகிறவர்களை ஒரு வைத்தியர் இவ்வளவு கரிசனமாகக் கவனித்திருக்கிறார்.

இரவு கண் விழித்தே ஆக வேண்டியவர்களுக்கும் அந்த நூலில் வழி இருக்கிறது. எவ்வளவு நேரம் விழித்தோமோ அதில் பாதி நேரம், மறுநாள் காலையில், சாப்பிடுவதற்கு முன்பு தூங்க வேண்டும். திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலையிலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் இரவு ஷிப்ட் பார்த்த தலைமுறைகள் வாழும் ஊர் திருச்சி. ஷிப்ட் முடிந்து வந்து வயிறு முட்ட இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்சைக் கரிக்கும் என்பதை அந்த வீடுகள் நூல் படிக்காமலே அறிந்திருக்கும்.

மண்ணச்சநல்லூர் வந்தது. அரிசி ஆலைகளின் ஊர். பொன்னி அரிசி மூட்டைகளில் இந்த ஊர்ப் பெயரைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். நெல் அவியும் வாசனை பேருந்துக்குள் வந்து போனது. ஆயுர்வேதம் தூக்கத்துக்குச் சொல்லும் உணவுப் பட்டியலில் அரிசிக்கு முதல் வரிசையில் இடம். சரக சம்ஹிதை தயிரோடு சேர்ந்த சாலி அரிசிச் சோற்றையும் பாலையும் நெய்யையும் சொல்கிறது. சுசுருதர் கரும்பிலிருந்து வந்த இனிப்புச் சேர்த்த அரிசி, கோதுமைப் பண்டங்களையும், இரவில் திராட்சையையும் சர்க்கரையையும் சேர்க்கிறார். தூக்கத்தை வரவழைக்கும் பொருள்களிலேயே தலைசிறந்தது எது என்ற கேள்விக்குச் சரகரின் பதில் எருமைப் பால். மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன்பு சமையலறைக் கதவைத் திறக்கும் வைத்தியம் இது.

இந்தச் செய்திகள் சரக சம்ஹிதையில் எங்கே வருகின்றன என்பது கவனிக்க வேண்டியது. சூத்திர ஸ்தானத்தின் 21-ஆம் அத்தியாயம், மிகப் பருத்த உடம்பையும் மிக மெலிந்த உடம்பையும் பற்றியது. அதன் நடுவில்தான் தூக்கம் வருகிறது. உடம்பு தேறுவதும் தேய்வதும், பலமும் பலவீனமும், அறிவும் மந்தமும் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவை என்று அந்த நூல் வைத்தது. உணவு, உறக்கம், பிரம்மச்சரியம் மூன்றும் உடம்பைத் தாங்கும் முட்டுத்தூண்கள் என்று இன்னோர் அத்தியாயம் சொல்கிறது. தூக்கம் ஏன் கெடுகிறது என்பதற்கு அது தரும் காரணங்களில் பயம், கவலை, கோபம், பட்டினி, வசதியில்லாத படுக்கை, ஓயாத வேலை, வயோதிகம், நோய் எல்லாம் உண்டு. சிலருக்கு அது பிறவிக் குணம் என்றும் ஒரு வரி இருக்கிறது. தூக்கம் வராதவனை அது எங்கேயும் குற்றவாளியாக நிறுத்துவதில்லை.

திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சாலையின் ஓரத்திலேயே வெண்மை கலந்த பாறைமேல் கோட்டை மாதிரி மதில் எழுகிறது. அறை என்றால் பாறை. வெள்ளறை, வெண்பாறை. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருவரங்கத்தைவிடப் பழையது என்ற நம்பிக்கையில் ஊரார் இதை ஆதி வெள்ளறை என்பார்கள். நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் பிறந்த ஊர். வாசலில் நிற்கும் ராஜகோபுரம் கட்டி முடிக்கப்படாதது. முடியாமல் நின்ற அந்தக் கல்லுடம்பின் நிழலில் நாலைந்து பேர் துண்டை விரித்துச் சாய்ந்திருந்தார்கள். சித்திரை வெயில். கோயில் நடை சாத்தியிருந்தது.

அந்தப் பகல் தூக்கத்துக்கும் சாஸ்திரத்தில் அனுமதி இருக்கிறது. பகலில் தூங்காதே என்று பொதுவாகச் சொல்லும் ஆயுர்வேதம், கோடைக்கு மட்டும் விலக்குத் தருகிறது. கோடையில் இரவு சுருங்கிவிடுகிறது, வெயில் உடம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அதனால் பகலில் கொஞ்சம் தூங்கலாம். குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள், வழி நடந்து களைத்தவர்கள் ஆகியோருக்கு எல்லாக் காலத்திலும் விலக்கு உண்டு.

நடை திறக்க நேரம் இருந்ததால் பயணி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றுக்கு நடந்தார். ஊர் வழக்கில் நாலுமூலைக் கேணி. கல்வெட்டில் மாற்பிடுகு பெருங்கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் வேலை தொடங்கி 5-ஆம் ஆட்சியாண்டில் முடிந்தது. கணக்குப் பார்த்தால் கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். வெட்டுவித்தவர் ஆலம்பாக்கத்து விசையநல்லுழானின் தம்பி கம்பன் அரையன். மாற்பிடுகு என்பது தந்திவர்மனின் பட்டப்பெயர். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம். நான்கு பக்கமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு முறை மடங்கித் தண்ணீரைத் தொடும். அந்த மடிப்பினால் ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் நிற்பவர் பார்க்க முடியாது. படி இறங்க இறங்க வெயில் மேலேயே நின்றுவிடுகிறது. பத்துப் படி இறங்கியதும் கல் குளிர்கிறது. பாதிப் படியில் வெளிச் சத்தமும் அடங்கிவிடுகிறது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கிணறு. யாரும் குளிப்பதில்லை.

ஆனால் குளிப்பதற்காகத்தான் வெட்டினார்கள். குளியல் என்றால் அந்தக் காலத்தில் எண்ணெயும் சேர்ந்ததுதான். தமிழ் வீடுகளில் ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்து வைத்திருந்தார்கள். நல்லெண்ணெயைச் சூடு காட்டி உச்சியில் வைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளித்தால் அன்றிரவு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும். அன்று பகலில் தூங்கக் கூடாது என்பதையும் பாட்டிகள் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்கள். நாள்தோறும் உடம்புக்கு எண்ணெய் தேய்த்தால் கிடைக்கும் பலன்களில் நல்ல தூக்கத்தையும் வாக்படர் எண்ணுகிறார். முழு உடம்புக்கு முடியாவிட்டாலும் தலை, காது, பாதம் மூன்றையும் விடாதே என்கிறார்.

தலைக்கு எண்ணெய் என்பதிலேயே நான்கு படிகள் வைத்திருக்கிறது அந்த நூல். முதலாவது சாதாரணமாகத் தேய்ப்பது. இரண்டாவது தாரையாக ஊற்றுவது. மூன்றாவது எண்ணெயில் நனைத்த பஞ்சை உச்சியில் வைத்துக் கட்டுவது. நான்காவது தலையைச் சுற்றி ஒரு தோல் வளையம் கட்டி அதில் எண்ணெயை நிரப்பி வைப்பது. ஒன்றைவிட அடுத்தது வலிமை கூடியது. இன்று ஆயுர்வேத நிலையங்களில் தூக்கமின்மை என்று போனால் முதலில் சொல்வது இதில் இரண்டாவதை, சிரோதாரையை. மல்லாந்து படுத்திருப்பவரின் நெற்றிக்கு நாலு விரல்கடை உயரத்தில் துளையிட்ட பாத்திரம் தொங்கும். வெதுவெதுப்பான தைலம் திரி வழியாக இறங்கி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம், நெற்றியில் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கும். க்ஷீரபலா தைலம், பிராமி தைலம், சிலருக்கு எண்ணெய்க்குப் பதிலாக மோர். ஏழு நாள், பதினாலு நாள் என்று கணக்கு. கேரளத்து வைத்தியர்கள் இதை நுணுக்கமாக வளர்த்தெடுத்தார்கள். இதன் பலனைப் பற்றி நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிலரை மட்டுமே வைத்து நடந்தவை. ஆனால் ஒரு மனிதன் முக்கால் மணி நேரம் கண்ணை மூடி, கைபேசி இல்லாமல், பேச்சில்லாமல், இன்னொருவரின் கவனத்துக்குக் கீழே அசையாமல் கிடக்கிறான் என்பதே இன்று எளிதில் கிடைக்காத சிகிச்சை.

வெந்நீர்க் குளியலுக்குக் கொஞ்சம் உறுதியான கணக்கு உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு முன் 40 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் குளித்தவர்கள் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். காரணம் எளிமையானது. தூக்கம் வருவதற்கு உடம்பின் உள் சூடு இறங்க வேண்டும். வெந்நீர் கைகால் தோலுக்கு ரத்தத்தை இழுத்து வருகிறது. அந்த வழியாக உள்ளே இருக்கும் சூடு வெளியே கழிந்துவிடுகிறது. உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துவிடும் அம்மாவின் கையும் இதே வேலையை ஓரளவு செய்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

நடை திறந்தது. புண்டரீகாக்ஷப் பெருமாள். செந்தாமரைக்கண்ணன். தாமரை சூரியனைப் பார்த்து விரிந்து, சூரியன் போனதும் கூம்பும் பூ. கருவறையில் நின்ற கோலத்தில் இருக்கும் பெருமாளுடன் சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். அவரைப் பார்க்க உள்ளே போவதற்கு இங்கே இரண்டு வாசல்கள். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். சூரியன் திசை திரும்பினால் கோயிலின் கதவும் மாறும். சித்திரை என்பதால் பயணி போனது உத்தராயண வாசல் வழியாக.

வரிசையில் நின்றபோது அவருக்கு நினைவு வந்தது சரகரின் ஆண்டுக் கணக்கு. ஆயுர்வேதமும் வருடத்தை இப்படியே இரண்டாக வெட்டுகிறது. சூரியன் வடக்கே போகும் ஆறு மாதம் ஆதானம், எடுத்துக்கொள்ளும் காலம். உலகின் ஈரத்தையும் மனிதனின் பலத்தையும் வெயில் எடுத்துக்கொள்கிறது. தெற்கே திரும்பும் ஆறு மாதம் விசர்க்கம், திருப்பிக் கொடுக்கும் காலம். மழையும் பனியும் பலத்தைத் திரும்பத் தருகின்றன. கோடைப் பகல் தூக்கத்துக்குக் கிடைத்த அந்த விலக்கு, எடுத்துக்கொள்ளும் காலத்தின் கடைசிக் கட்டத்துக்கு உரியது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. அந்தக் கடிகாரத்தின் மரபணுக்களை விளக்கிய ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. வெள்ளறையின் இரண்டு கதவுகள் மருத்துவத்துக்காக வைத்தவை அல்ல. ஆனால் மனிதன் நடமாடும் நேரமும் அடங்கும் நேரமும் வானத்தைப் பார்த்து முடிவாக வேண்டும் என்ற ஒரே எண்ணம் அந்தக் கதவிலும் சரகரின் ஏட்டிலும் இருக்கிறது.

வெளியே வந்தபோது அந்தி. பாறைமேல் காற்று குளிரத் தொடங்கியிருந்தது. மண்டபத் தூணில் சாய்ந்த பயணிக்குக் கண் சொக்கியது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் குரல் கொடுத்தார்.

"ஏப்பா, வெளக்கு வெக்கிற நேரம். இப்பப் போய் தூங்கலாமா? எந்திரிச்சு உக்காரு."

ஆறு மாதமாகத் தூக்கத்தைத் தேடி அலைந்தவரை அந்த ஒரு வார்த்தை நிமிர்த்தி உட்கார வைத்தது. அந்தியில் உண்ணாதே, படிக்காதே, உறங்காதே என்பது சரக சம்ஹிதையிலும் உள்ள விதி. சாயங்காலம் ஆறரைக்கு அரை மணி அசந்துவிட்டால் இரவு பத்து மணிக்கு வர வேண்டிய தூக்கம் பன்னிரண்டுக்குத் தள்ளிப்போகும் என்பதைத் தூக்க மருத்துவர்களும் சொல்கிறார்கள். நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பை அந்த அரை மணி செலவழித்துவிடுகிறது.

இந்த ஊரின் அந்திக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. பெரியாழ்வார் தம் திருமொழியின் இரண்டாம் பத்தில், எட்டாம் திருமொழி முழுவதையும் திருவெள்ளறை அந்திக்குக் கொடுத்திருக்கிறார். கண்ணனுக்குக் காப்பிடும் பாட்டு. யசோதை வாசலில் நின்று கூப்பிடுகிறாள். பசுக்கள் கன்றுகளுக்காகக் கத்துகின்றன. இருட்டுகிற நேரத்தில் மன்றில் நிற்காதே, விளையாடியது போதும், உள்ளே வா, காப்பிட்டுவிடுகிறேன் என்று அவள் மன்றாடுகிறாள். இதே ஆழ்வார்தான் முதல் பத்தில் தாலாட்டும் பாடியவர். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தாலாட்டுகளில் அது ஒன்று. பகலின் ஓட்டத்தை நிறுத்தி ஒருவரை உள்ளே அழைத்துக்கொள்வதுதான் தூக்கத்தின் முதல் வேலை என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. வளர்ந்தவர்களை அப்படி அழைக்க யாரும் இல்லை. பதினோரு மணிக்கும் அவர்கள் மன்றிலேயே நிற்கிறார்கள், கையில் வெளிச்சத் திரையோடு.

திரும்பும் பேருந்தில் கூட்டம் குறைவு. திருவரங்கத்தில் இறங்கியபோது மணி எட்டே கால். தெற்குவாசல் கடைகளில் விளக்குகள் எரிந்தன. உள்ளே, துயிலும் பெருமாளின் ஊரில், அன்றைய நாளை முடித்து வைக்கும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

இந்தக் கோயிலுக்குள் ஒரு தன்வந்திரி சந்நிதி உண்டு. மருத்துவத்தின் தெய்வம் இங்கே இடம்பிடித்ததற்குக் கல்வெட்டுச் சான்றே இருக்கிறது. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஸ்ரீரங்க கருடவாகன பட்டர் என்பவர் படையெடுப்பில் அழிந்துகிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, அதில் தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணியதைப் பதிவு செய்கிறது. ஆரோக்கியசாலை என்றால் கோயிலைச் சார்ந்த மருத்துவமனை. பெருமாளுக்கு நாவல் பழமும் தயிர்சாதமும் சேர்ந்து ஒத்துக்கொள்ளாமல் போனதாகவும், ராமானுஜர் அதைக் கண்டுகொண்டு கருடவாகன பண்டிதரைக் கொண்டு கஷாயம் சமர்ப்பிக்கச் செய்ததாகவும் திருவரங்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். கடவுளுக்கும் ஒத்துக்கொள்ளாத உணவு உண்டு, அதற்கு மருந்தும் உண்டு என்று நம்பிய ஊர் இது.

கோயிலும் மருத்துவமும் இப்படிக் கைகோத்தது திருவரங்கத்தில் மட்டும் இல்லை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு வீரசோழன் என்ற ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், ஓர் அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள். இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் தசமூல ஹரீதகி, பலாகேரண்ட தைலம், பழைய நெய் எல்லாம் உண்டு. அங்கேயே நடந்த வேதபாடசாலை மாணவர்களுக்குச் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் அளக்கவும் அரசு ஏற்பாடு செய்திருந்தது. சனிக்கிழமை எண்ணெய்க்கு நிவந்தம் எழுதி வைத்த நாடு இது.

இரவு ஒன்பதை ஒட்டி, பெருமாளுக்கு அன்றைய கடைசி அமுது. அதன் பெயர் அரவணை. அரிசியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த பிரசாதம், கூடவே காய்ச்சிய பால். அரவணை என்றால் பாம்புப் படுக்கை என்றும் பொருள். படுக்கையின் பெயரையே இரவு உணவுக்கும் வைத்திருக்கிறார்கள். அரிசி, கரும்பின் இனிப்பு, நெய், பால். மண்ணச்சநல்லூரைத் தாண்டும்போது நினைவுக்கு வந்த சுசுருதரின் பட்டியல் அப்படியே தொன்னையில் இருந்தது. மடைப்பள்ளிக்கு ஏட்டைப் பார்த்துச் சமைக்கும் அவசியம் இருந்திருக்காது. இந்த மண்ணில் குழந்தைக்கு இரவில் எது கொடுத்தால் தூங்கும் என்று அம்மாக்களுக்குத் தெரிந்ததுதான் சந்நிதிக்கும் போயிருக்கும், ஏட்டுக்கும் போயிருக்கும்.

நாள்தோறும் இதே ஒழுங்கு. குறித்த நேரத்தில் உணவு, பால், விளக்கு அடங்குதல், கதவு சாத்துதல். விடியலில் விஸ்வரூப தரிசனத்துக்குப் பசுவும் யானையும் வந்து நிற்கக் கதவு திறக்கும். தூக்கமின்மைக்கு இன்றைய மருத்துவம் முதலில் பரிந்துரைப்பதும் மாத்திரையை அல்ல. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் சிகிச்சையைச் செய்யச் சொல்கிறது. எழும் நேரத்தைத் தினமும் ஒன்றாக வை. தூக்கம் வந்தபின் படு. படுக்கையைத் தூங்க மட்டும் வைத்துக்கொள். கடிகாரத்தைப் பார்க்காதே. சரகர் சொன்ன இதமான படுக்கை, மனசுக்குப் பிடித்த ஓசை, மணம், கைகால் பிடித்துவிடுதல், பழகிய நேரம் ஆகியவையும் இதோடு சேர்ந்துகொள்பவை. இவை எதுவும் ஒரு நாளில் பலிக்காது. குறட்டையோடு மூச்சுத் திணறி விழிப்பவர்களும், மனச்சோர்வில் இருப்பவர்களும், ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்களும் எண்ணெயை நம்பி மருத்துவரை விட்டுவிடக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து.

சித்திரை வீதியில் பூக்கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. விடுதி அறையில் பயணி வெந்நீரில் குளித்தார். பெரிய கடைவீதி நல்லெண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து அறையிலிருந்த கெட்டிலின் சூட்டில் வெதுவெதுப்பாக்கி, உள்ளங்காலில் பரபரவென்று தேய்த்தார். சிறு வயதுக்குப் பின் முதல் முறை. மருதோன்றிப் பூப் பொட்டலம் தலையணைக்கு அடியில் போனது. மழை பெய்து முடித்த மண்ணைப் போல ஒரு லேசான வாசனை வந்தது. கைபேசியை அலாரம் வைப்பதற்காக எடுத்தார். விஸ்வரூபத்துக்குப் போக ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

அன்றிரவு அவர் மணி பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்போது பத்தே கால்.